காரணம் சொல்லாத ரவுடி: ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’

‘லியோ’ பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் கதை ஏற்கெனவே தெரியும். சின்ன ஊரில் கடை வைத்துப் பிழைக்கும் ஒருத்தர், மனைவி, ஒரு பையன், ஒரு பெண் குழந்தை. ஒரு ராத்திரி கடைக்குள் புகுந்த கொலைகாரர்களை அவர் சுட்டுத் தள்ளுகிறார். டிவியில் முகம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஒரு கும்பல் வந்து, நீ சொல்கிற ஆள் நீ இல்லை, நீ இன்னார்தானே என்று கேட்கிறது. லோகேஷ் கனகராஜ் மறைக்கவெல்லாம் இல்லை. இந்தப் படத்துக்குச் சமர்ப்பணம் என்று தொடக்கத்திலேயே கார்டு போட்டுவிட்டுத்தான் கதைக்குள் போவார். அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு மூலப்படத்தைத் தேடிப் பார்த்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “என்ன மேடம், ஃப்ளாஷ்பேக்கே இல்லையே, அவன் ஏன் அப்படி ஆனான்னு சொல்லவே இல்லையே” என்று என் ஜூனியர் கேட்டான்.

சொல்லாததால்தான் எனக்கு இது பெரிய படம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கதையை முழுசாகச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காமல் வந்தவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2005-இல் வந்த படம். இயக்கியவர் கனடாக்காரரான டேவிட் க்ரோனென்பெர்க். மனித உடம்பு சிதைவதையும் உருமாறுவதையும் வைத்து ‘தி ஃப்ளை’ மாதிரியான திகில் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவர். கதை நடப்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மில்புரூக் என்ற சின்ன ஊரில். படம் பிடித்ததென்னவோ கனடாவின் ஒன்டாரியோவில். டாம் ஸ்டாலாக நடித்திருப்பவர் விகோ மார்ட்டென்சன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் அரகார்னாக வாள் சுழற்றியவரை இதில் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் பார்க்கும்போது, உண்மையிலேயே ஒரு ஊர்க்காரர் மாதிரிதான் இருக்கிறார். காலையில் கடையைத் திறக்க நடந்து போகிறார். வாசலில் கிடக்கும் குப்பையைக் குனிந்து எடுக்கிறார். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மனைவி எடி, மரியா பெல்லோ நடித்தது, ஒரு வக்கீல்.

நானும் வக்கீல்தான். தூத்துக்குடிப் பக்கம் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். இந்தப் படம் என்னை இவ்வளவு பிடித்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். திருந்தி வாழ்கிறேன் என்று சொல்பவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

படம் தொடங்குவது டாமிடம் இல்லை. ஒரு ரோட்டோர லாட்ஜ். காலை வெயில். இரண்டு பேர் அறையைக் காலி செய்துவிட்டு வெளியே வருகிறார்கள். ஒருத்தன் நடுத்தர வயது, இன்னொருத்தன் இளவட்டம். இருவருக்கும் சோம்பல். பெரியவன் வாசலில் கிடந்த நாற்காலியை ஒழுங்காக நகர்த்தி வைக்கிறான். கணக்கு முடிக்க அலுவலகத்துக்குள் போகிறான். இளையவன் காரைப் பத்தடி முன்னால் ஓட்டி நிறுத்துகிறான். வெட்டு இல்லாமல் நீளமாக ஓடும் ஒரே ஷாட். பூச்சிகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. எதுவுமே நடக்கவில்லை. பெரியவன் திரும்பி வந்து, தண்ணீர் தீர்ந்துவிட்டது, உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டு வா என்கிறான். இளையவன் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால்தான் நமக்குத் தெரிகிறது, அங்கே இரண்டு பிணம் கிடக்கிறது. அவன் பிணத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடிக்கிறான். அப்போது ஒரு கதவு திறக்கிறது. கையில் பொம்மையோடு ஒரு சின்னப் பெண். அவன் உதட்டில் விரல் வைத்துச் சத்தம் போடாதே என்று சைகை காட்டிக்கொண்டே துப்பாக்கியை எடுக்கிறான்.

அடுத்த ஷாட்டில் வேறொரு வீட்டில் வேறொரு குழந்தை அலறிக்கொண்டு எழுகிறது. டாமின் மகள். கெட்ட கனவு. அப்பா ஓடி வருகிறார், அண்ணன் வருகிறான், அம்மா வருகிறாள். ராட்சசன் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது கண்ணு என்று அப்பா சொல்கிறார். முதல் தடவை பார்க்கும்போது இது ஒரு நல்ல குடும்பத்தின் அறிமுகம். முழுக்கதை தெரிந்தபின் பார்த்தால் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் யார் என்பதில் நெஞ்சு அடைக்கிறது. அந்தக் குடும்பத்தில் அதைச் சொல்லத் தகுதி இல்லாத ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் அந்த நிமிடத்தில் அவர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொல்கிறார்.

அப்புறம் கடைக் காட்சி. கடை சாத்தும் நேரம். லாட்ஜில் பார்த்த அதே இருவர் உள்ளே வருகிறார்கள். மூடப் போகிறோம் என்று டாம் பதமாகச் சொல்கிறார். அவர்கள் காபி வேண்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருத்தன் வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தன் துப்பாக்கியை நீட்ட, டாம் கையில் இருந்த சூடான காபி ஜாடி அவன் முகத்தில் உடைகிறது. துப்பாக்கி கை மாறுகிறது. எண்ணிச் சில நொடிதான். இளையவன் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே விழுகிறான். கீழே கிடக்கும் பெரியவன் டாமின் பாதத்தில் கத்தியை இறக்குகிறான். டாம் குனிந்து அவன் தலையில் சுடுகிறார்.

திரையரங்கில் கைதட்டும் இடம் இதுதான். நாமும் தட்டத் தயாராக இருக்கிறோம். அந்த இடத்தில் க்ரோனென்பெர்க் கேமராவைத் தரைக்குக் கொண்டுபோகிறார். சுடப்பட்டவனின் தாடை பிய்ந்து தொங்குகிறது. உயிர் இன்னும் போகவில்லை. சதை துடிக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் இருக்காது. ஆனால் எழுந்த கை அப்படியே நின்றுவிடும். சுட்டவர் நல்லவர், செத்தவன் குழந்தையைக் கொன்றவன், எல்லாம் சரி. நம் சட்டத்திலும் அது தற்காப்புதான்; பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106 வரை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதற்கு இடம் உண்டு. எந்தக் கோர்ட்டும் டாமை விட்டுவிடும். இருந்தாலும் ஒரு குண்டு ஒரு முகத்தை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டுப் போ என்கிறார் இயக்குநர். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், சினிமாவில் துப்பாக்கிச் சூட்டை இவ்வளவு பொறுப்போடு காட்டிப் பார்த்ததில்லை. படம் முழுக்க இதே வழக்கம்தான். அடி சட்டென்று முடிந்துவிடும், அதன் பிறகு அடிபட்ட உடம்பைக் கட்டாயம் காட்டுவார். பின்னால் வீட்டு வாசலில் ஒருத்தனின் மூக்கை டாம் உள்ளங்கையால் நொறுக்கும்போதும் அப்படித்தான்.

டிவியில் வீரனாகக் காட்டப்பட்ட டாமைத் தேடி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கார்ல் ஃபோகார்ட்டி வருகிறான். எட் ஹாரிஸ். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. கடையில் வந்து உட்கார்ந்து காபி கேட்கிறான். ஜோயி என்று கூப்பிடுகிறான். கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கண் செத்துக் கிடக்கிறது, சுற்றிலும் தழும்பு. ஜோயி க்யூசாக் என்பவன் முள்கம்பியால் செய்த வேலை அது. பழி வாங்க வந்தவன் என்றாலும் ஹாரிஸ் ஒரு தடவைகூடக் கத்துவதில்லை. பழைய பாக்கியை வசூல் பண்ண வந்தவர் மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான். கடைத்தெருவில் எடியிடம் அவன் கேட்கும் ஒரு கேள்விதான் படத்தையே திருப்பிப் போடுகிறது. ஆட்களைக் கொல்வதில் உன் புருஷன் எப்படி இவ்வளவு தேர்ந்தவனாக இருக்கிறான் என்று அவனையே கேட்டுப் பார் என்கிறான். அவள் மிரட்டி அனுப்பிவிடுகிறாள். ஆனால் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் என் ஜூனியர் கேட்டதற்கு வருகிறேன்.

நம் படங்களில் திருந்திய ரவுடிக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. ‘பாட்ஷா’வில் மாணிக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டு அடி வாங்கிக்கொண்டிருப்பார், இடைவேளைக்குப் பக்கத்தில் பம்பாய்க் கதை விரியும், நண்பன் அன்வரைக் கொன்றார்கள், அதனால்தான் கையை ஓங்கினார் என்று தெரிந்துவிடும். ‘லியோ’விலும் புகையிலை, நரபலி, தங்கையின் சாவு என்று ஒரு பெரிய முன்கதை உண்டு. அதைப் பார்த்து முடித்ததும் நமக்கு நிம்மதி. இவர் கெட்டவர் இல்லை, இவருக்கு நடந்த அநியாயம்தான் இவரை இப்படி ஆக்கியது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். அதன் பிறகு அவர் எத்தனை பேரை அடித்தாலும் நமக்கு உறுத்தாது. அந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை. ‘பாட்ஷா’வை இன்றைக்கு டிவியில் போட்டாலும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

கோர்ட்டிலும் இதுதான் நடக்கும். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நீதிபதி சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுவரை வழக்கு நடத்திய நாங்கள் அந்த நிமிடத்தில் கதை சொல்லிகளாகிவிடுவோம். சின்ன வயசில் அப்பா போய்விட்டார், கூட்டாளி சகவாசம், வீட்டில் வயசான தாய், கைக்குழந்தை. பெரும்பாலும் அத்தனையும் உண்மைதான். ஒரு மனிதனை மன்னிக்க வேண்டும் என்றால் கேட்பவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அதைக் கொடுப்பது என் தொழில்.

இந்தப் படம் அந்தக் காரணத்தைக் கொடுக்க மறுக்கிறது. மூலக்கதையில் அது இருந்தது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். ஜான் வேக்னர் எழுதி வின்ஸ் லாக் வரைந்து 1997-இல் வந்த சித்திரக்கதைப் புத்தகம் அது. அதில் நாயகனின் இளமைக்காலத்துக்கு நீளமான ஒரு பகுதியே உண்டு. ரிச்சி என்பவன் அதில் கூடத் திரிந்த நண்பன். திரைக்கதை எழுதிய ஜாஷ் ஓல்சன் ரிச்சியைக் கூடப்பிறந்த அண்ணனாக்கிவிட்டு, பழைய காலத்தை அப்படியே எடுத்துவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் ஜோயி என்னென்ன செய்தான் என்பதற்கு ஒரே ஒரு காட்சிகூடப் படத்தில் கிடையாது.

அதற்குப் பதிலாக இருப்பது ஆஸ்பத்திரிக் காட்சி. ஃபோகார்ட்டி செத்த பிறகு, தோளில் குண்டுக் காயத்தோடு டாம் படுத்திருக்கிறார். எடி உள்ளே வருகிறாள். உண்மையைச் சொல் என்கிறாள். அவர் சொல்லத் தொடங்குகிறார். காசுக்காகக் கொன்றாயா, பிடித்துச் செய்தாயா என்று கேட்கிறாள். ஜோயி இரண்டுக்காகவும்தான் செய்தான் என்கிறார். ஜோயியைப் பாலைவனத்தில் கொன்றுவிட்டேன், டாமாக மாற மூன்று வருடம் ஆனது என்கிறார். அவ்வளவுதான் வாக்குமூலம். அப்பா அடித்தார், பசி, எதிரிகள் நண்பனைக் கொன்றார்கள் என்று எதுவும் இல்லை. பாவம் என்று நாம் நினைத்துக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. அப்புறம் எடி கேட்கிறாள், நம்முடைய இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று. அவளும் பிள்ளைகளும் சுமக்கிற பேர் அது. சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன் என்பதுபோல ஒரு பதில் வருகிறது. இந்தப் பேச்சுக்கு நடுவே அவள் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தியும் எடுக்கிறாள்.

மரியா பெல்லோவுக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் நாமினேஷன்கூடக் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. அந்தக் காட்சியில் அவர் அழுவதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் முகத்தில் ஒரு விளக்கு அணைகிறது. கேள்வி கேட்டுப் பழகிய வக்கீல் என்பதால் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே போகிறாள். பதில் வேண்டாம் என்று உடம்பு சொல்கிறது, வாய் கேட்கிறது.

ஒரு அம்மா என்னிடம் வந்திருந்தார். அவர் கணவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பரோட்டா மாஸ்டர், அடி அதிராமல் நடப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கொலை வழக்கில் இருந்து விடுதலையானவர். அவர் பேர் ரவுடிப் பட்டியலிலிருந்து போகவே இல்லை. திருவிழா, தேர்தல் என்று எது வந்தாலும் நன்னடத்தைக்கு எழுதிக் கொடு என்று கூப்பிட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சமயத்தில் ஜாமீன் காகிதங்களோடு அந்த அம்மா வந்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையில் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்து எழுந்தவர், பழைய வழக்குக் கட்டு என் மேசையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். “மேடம், அவுக அப்ப என்ன செஞ்சாகன்னு இதுல எழுதியிருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் அக்கா, படிக்கணுமா என்றேன். கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எடிக்கு அந்த வசதி இல்லை. அவள் கேட்டுவிட்டாள்.

அடுத்து வருகிற காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் படத்தின் நடு முதுகெலும்பு. ஊர் ஷெரிஃப் வீட்டுக்கு வருகிறார். நல்ல மனிதர், குடும்ப நண்பர். ஃபோகார்ட்டி பெரிய இடத்து ரவுடி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். கணக்கு உதைக்கிறது என்று மெதுவாகக் கேட்கத் தொடங்குகிறார். டாம் உண்மையைச் சொல்லிவிடுவார் போல இருக்கிறது. அப்போது எடி வந்து புருஷன் மடியில் உட்கார்ந்து அழுகிறாள். டாம் என்றால் டாம்தான், இந்தக் குடும்பம் பட்டது போதாதா என்கிறாள். ஷெரிஃப் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார். அவர் போனதும் அவள் அழுகை நின்றுவிடுகிறது. கணவனைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறாள். சட்டம் படித்த ஒருத்தி, தெரிந்தே ஒரு காவல் அதிகாரியிடம் பொய் சொல்கிறாள். அன்பினாலா, பயத்தினாலா, பிள்ளைகளுக்காகவா? நான் பார்த்த பெண்களை வைத்துச் சொன்னால் மூன்றும் கலந்துதான் இருக்கும்.

உடனே மாடிப்படிக் காட்சி. சண்டை அடிதடியாகி, அடிதடி உடலுறவாகிறது. பெண்களுக்குப் பார்க்கக் கஷ்டமான காட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர் விலகப் போகும்போது அவளே பிடித்து இழுக்கிறாள். முடிந்ததும் அருவருப்போடு உதறிவிட்டு மேலே போய்விடுகிறாள். மறுபடி அவளைப் பார்க்கும்போது முதுகில் படிக்கட்டின் காயங்கள். கிளர்ச்சிக்காக வைத்தது என்று சிலர் திட்டியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் இதே தம்பதி விளையாட்டும் சிரிப்புமாக ஒன்றுசேரும் ஒரு காட்சி இருக்கிறது. அதில் இருப்பவர் டாம். படிக்கட்டில் இருப்பவன் ஜோயி. ஜோயியை எடி முதல் தடவையாகத் தொட்டுப் பார்க்கிறாள். அதில் தன்னையும் பார்த்துவிடுகிறாள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருந்தாலும் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது.

மகன் ஜாக் கதை எனக்கு அரைகுறையாகத்தான் பிடித்தது. பள்ளியில் ஒரு முரட்டுப் பையன் அவனை வம்புக்கிழுக்கிறான். முதலில் ஜாக் வாயால் பேசித் தப்பிக்கிறான். அப்பா டிவியில் வந்த பிறகு ஒருநாள் அவனை அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறான். பள்ளிக் காட்சிகள் தேவைக்கென்று ஒட்டிய மாதிரி இருக்கின்றன, அந்த முரட்டுப் பையனும் அட்டைப் பொம்மை. ஆனால் அதற்குப் பின் வீட்டில் நடக்கிற பேச்சு அபாரம். நம் வீட்டில் பிரச்சினையை அடித்துத் தீர்க்கிற வழக்கம் கிடையாது என்கிறார் அப்பா. ஆமாம், நாம் சுட்டுத்தானே தீர்க்கிறோம் என்கிறான் பையன். சொன்ன வாய் மூடுவதற்குள் அப்பா அறைந்துவிடுகிறார். பிறகு வாசலில் ஃபோகார்ட்டி டாமைக் கொல்ல நிற்கும்போது, பின்னாலிருந்து சுடுவது ஜாக்தான். பையனை டாம் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். அவர் முகமெல்லாம் ரத்தம். மகன் காப்பாற்றிவிட்டான் என்ற சந்தோஷம் அதில் துளியும் இல்லை. தன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்தது முடியவில்லை என்று தெரிந்துகொண்ட முகம். நம் ஊரில் இதைச் சரியாகப் புரிந்துகொள்வார்கள். அப்பன் பேரைச் சொல்லியே மகனை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதை நாங்கள் பார்க்கிறோம்.

கடைசிப் பகுதியில் அண்ணன் ரிச்சியிடமிருந்து போன் வருகிறது. நீ வருகிறாயா, நான் வரட்டுமா என்கிறான். டாம் ராத்திரியோடு ராத்திரியாக ஃபிலடெல்ஃபியாவுக்கு வண்டி ஓட்டுகிறார். ரிச்சியாக வில்லியம் ஹர்ட், பத்து நிமிடம் வந்துவிட்டு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கியவர். இந்தப் படத்துக்குக் கிடைத்த இரண்டு நாமினேஷனில் ஒன்று அது, இன்னொன்று திரைக்கதைக்கு; இரண்டும் பரிசாகவில்லை. ஹர்ட் ரசித்து நடித்திருக்கிறார். தம்பி செய்த காரியத்தால் தொழிலில் தனக்கு மேலே போக முடியாமல் போனதைப் பேசும்போது, பாகப்பிரிவினையில் ஏமாந்த அண்ணன் மாதிரியே புலம்புகிறார். எனக்கு இந்தப் பகுதியில் ஒரு குறை உண்டு. அதுவரை ஒவ்வொரு சாவையும் கனமாகக் காட்டிய படம் இங்கே கொஞ்சம் வேடிக்கையாகிவிடுகிறது. டாம் வெறுங்கையோடு ஆயுதம் ஏந்திய ஆட்களை வரிசையாகச் சாய்க்கிறார், ரிச்சி தன் வீட்டுக்கே வெளியே மாட்டிக்கொள்கிறார். நாம் சிரிக்கிறோம். சிரிக்க வைக்கத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று புரிகிறது, ஆனாலும் அந்தக் கடைக் காட்சியின் நேர்மை இதில் இல்லை. எடியை வக்கீலாக வைத்துவிட்டு ஒரே ஒரு கோர்ட் காட்சிகூட வைக்காததும் எனக்குக் குறைதான்.

ஹோவர்ட் ஷோரின் இசை சத்தமில்லாமல் கூட வருகிறது. பீட்டர் சுஷிட்ஸ்கியின் ஒளிப்பதிவு ஊரை நாள்காட்டிப் படம் மாதிரி அழகாக்காமல், வெளிச்சமும் வெறிச்சோடலுமாகக் காட்டுகிறது. இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணனையும் கொன்றுவிட்டு டாம் ஊர் திரும்புகிறார். வீட்டில் சாப்பாட்டு நேரம். மூன்று பேரும் மேசையில் இருக்கிறார்கள். அவர் வாசலில் நிற்கிறார், யாரும் பேசவில்லை. சின்னப் பெண் எழுந்து ஒரு தட்டு எடுத்துவந்து அவர் இடத்தில் வைக்கிறாள். மகன் கறித்தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறான். எடி நிமிர்ந்து பார்க்கிறாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். படம் முடிந்துவிடுகிறது.

அவள் ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று எங்கள் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சோறு போட்டாச்சே மேடம், அப்புறம் என்ன என்கிறான் ஜூனியர். தட்டு வைத்தது குழந்தை, எடி இன்னும் ஒரு கரண்டிகூடப் போடவில்லை என்றேன். காரணம் தெரிந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு நரபலியோ, ஒரு நண்பனின் சாவோ சொல்லியிருந்தால் அவளும் நம்மைப் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறியிருப்பாள். காசுக்காகவும் பிடித்தும் கொன்றவன், வருடக்கணக்கில் தன் பிள்ளைகளைக் கொஞ்சி வளர்த்தவன், இருவரும் ஒரே ஆளாக எதிரே நிற்கும்போது அவள் என்ன செய்ய வேண்டும்? திருந்தியது பொய்யில்லை. செய்ததும் பொய்யில்லை. என் கணிப்பில் அவள் அன்றைக்கு முடிவெடுக்கவில்லை. சாப்பிட விடுகிறாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் மறுபடி அதே கேள்வி அவளுக்கு இருக்கும். ஜூனியர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். படம் 96 நிமிடம்தான், பாட்டு கிடையாது, இழுவை கிடையாது. முழுக்கப் பெரியவர்களுக்கான படம். ரத்தமும் இரண்டு படுக்கைக் காட்சிகளும் உண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்து லாட்ஜ் காட்சியில் குழந்தை சாகிறது என்பதால், அது தாங்காதவர்கள் முதல் ஐந்து நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம், கதை புரியும். ஹர்ட், ஹாரிஸ் இருவருமே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், அதனால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘லியோ’ இன்னும் பார்க்காதவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால், ஃப்ளாஷ்பேக் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் காட்சியைத் தவற விட்டுவிடுவீர்கள்.